ஆமென் எங்கே வரணும்? நற்செய்திகள் வாய்மொழியாக வாழ்ந்த நாற்பது வருஷம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த வார எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து தொடங்குது.

போன மாசம் ஒரு நேயர் அனுப்பியிருந்தாங்க. காலேஜ் கடைசி வருஷம் படிக்கிறவங்க. அவங்க அக்காவுக்குக் கல்யாணம். பொண்ணு வீடு சிஎஸ்ஐ, மாப்பிள்ளை வீடு கத்தோலிக்கர். சர்ச்ல எல்லாம் நல்லபடியா முடிஞ்சு, மண்டபத்துல சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பெரியவர் எழுந்து, எல்லாரும் சேர்ந்து இயேசு கற்பித்த ஜெபத்தைச் சொல்லலாம்னு சொல்லியிருக்கார். பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு அது பரமண்டல ஜெபம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குப் பரலோக மந்திரம். ஒரே ஜெபம்தானே?

ஆரம்பத்துலயே வார்த்தைகள் கொஞ்சம் இடிச்சுது. ஒரு பக்கம் பிதா, இன்னொரு பக்கம் தந்தை. அதைச் சமாளிச்சுட்டாங்க. ஆனா முடிவுல ஒரு பக்கம் ஆமென் சொல்லிட்டு பிரியாணிக்குத் திரும்பிட்டாங்க. இன்னொரு பக்கம் நிக்கவே இல்லை. ராஜ்யம், வல்லமை, மகிமை என்று இன்னும் ஒரு வரி போய், அப்புறம்தான் அவங்க ஆமென். நடுவுல மாட்டின மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துடுச்சாம்.

இது வரைக்கும் தமாஷ்தான். அன்னைக்கு ராத்திரி ஒரு கசின் சொன்னதுதான் அவங்களைத் தூங்க விடலை. "இதுல பாதி யாரோ சேர்த்ததுதான். இயேசு செத்து நாற்பது வருஷம் கழிச்சுத்தான் எல்லாம் எழுதினாங்க. காதுக்குக் காது போனா எது உருப்படியா மிஞ்சும்?" இதைச் சர்ச்ல இளைஞர் கூட்டம் நடத்துற அண்ணன்கிட்ட அவங்க கேட்டிருக்காங்க. அவர் சொன்னது நேர் எதிர்: "ஒரு எழுத்துகூட மாறலை, அப்படியே இருக்கு." வாய்ஸ் நோட்டோட கடைசியில அவங்க கேட்டது இதுதான்: "ரெண்டு பேர்ல யார் சொல்றது பொய்?"

ரெண்டு பேரும் பொய் சொல்லலைன்னு நினைக்கிறேன். ஆனா ரெண்டு பேர் கையிலயும் இருக்கிற படம் தப்பு. அந்த நாற்பது வருஷத்துல என்ன நடந்திருக்கும், நமக்கு அது எப்படித் தெரியும், இதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம். பெரிய தலைப்பு என்பதால் ஒரே ஒரு பொருளைப் பிடிச்சுக்கிட்டே போகலாம். அதே கல்யாண வீட்டு ஜெபம்.

முதலில் காலக்கணக்கு

இயேசு எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் சிலுவையில் அறையப்பட்டது பொந்தியு பிலாத்து யூதேயாவின் ஆளுநராக இருந்த காலத்தில். பெரும்பாலான ஆய்வாளர்கள் கி.பி. 30 அல்லது 33 என்பார்கள். நான்கு நற்செய்திகளில் முதலில் எழுதப்பட்டது மாற்கு, ஏறத்தாழ கி.பி. 70-ஐ ஒட்டி. மத்தேயுவும் லூக்காவும் அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து. யோவான் முதல் நூற்றாண்டின் இறுதியில். இவை தோராயமான தேதிகள்தான். பெரும்பான்மை ஆய்வாளர்கள் ஏற்கும் கணக்கு இது.

ஆக, கசின் சொன்ன நாற்பது வருஷம் சரி. அவர் சொல்லாத இன்னொரு சிக்கலும் இருக்கு. இயேசு பேசியது பெரும்பாலும் அரமேய மொழி. நற்செய்திகள் நம் கைக்கு வந்திருப்பது கிரேக்கத்தில். நடுவில் ஆள் மட்டும் மாறலை, பாஷையும் மாறியிருக்கு. மாற்கு தன் கிரேக்கத்துக்கு நடுவே சில அரமேயச் சொற்களை அப்படியே விட்டுவைத்திருக்கிறார். காது கேளாதவரைக் குணமாக்கும் இடத்தில் வரும் "எப்பத்தா" ஒன்று. கெத்செமனே தோட்டத்தில் வரும் "அப்பா" இன்னொன்று. ஆமா, நம்ம அப்பா மாதிரியேதான் ஒலிக்கும், அர்த்தமும் அதேதான். ஆனா அது அரமேயச் சொல். ரெண்டு மொழிக்கும் இதுல உறவு எதுவும் இல்லை. குழந்தைங்க வாயில முதல்ல வர்ற ஒலிகள் உலகம் முழுக்க இப்படித்தான் இருக்கு.

அந்தக் காலத்தில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்? பண்டைய எழுத்தறிவைப் பற்றி 1989-ல் ஒரு முக்கியமான புத்தகம் எழுதிய வில்லியம் ஹாரிஸ், ரோமப் பேரரசில் மொத்தமாகப் பார்த்தால் பத்து சதவீதத்தைத் தாண்டியிருக்காது என்று மதிப்பிட்டார். கலிலேயாவின் மீனவர், விவசாயிகள் நடுவில் அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அதனால், "ஏன் உடனே எழுதலை?" என்ற கேள்வி நம்ம காலத்துக் கேள்வி. அவங்களுக்கு ஒரு விஷயத்தைப் பத்திரப்படுத்துற வழியே திரும்பத் திரும்பச் சொல்றதுதான். எழுதின பிறகும் யாரோ ஒருத்தர் உரக்க வாசிப்பார், மத்தவங்க கேட்பாங்க. எழுத்துகூடக் காது வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியில் இருக்கும் ஹியராபோலிஸ் நகரில் பாப்பியாஸ் என்று ஓர் ஆயர் இருந்தார். அவர் எழுதிய நூல்கள் தொலைந்துவிட்டன. நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எடுத்துக்காட்டிய சில பகுதிகள் மட்டும் மிச்சம். ஊருக்கு வருகிறவர்களிடம் எல்லாம், மூத்த சீடர்கள் என்ன சொன்னார்கள் என்று பாப்பியாஸ் விசாரிப்பாராம். புத்தகங்களைவிட உயிருள்ள குரல்தான் தனக்கு அதிகம் பயன்படும் என்று அவர் நினைத்திருக்கிறார். இத்தனைக்கும், மாற்கு எழுதியது அவருக்குத் தெரியும். புத்தகம் இருக்கும்போதே குரலைத் தேடிப் போறார். நமக்கு இது தலைகீழா இருக்கு, இல்லையா?

காதுக்குக் காது விளையாட்டு ஏன் பொருந்தாது

கசின் மனசுல இருக்கிறது நாம ஸ்கூல்ல விளையாடின விளையாட்டு. வரிசையா உட்காரணும், முதல் ஆள் ரகசியமா ஒரு வாக்கியம் சொல்லணும், கடைசி ஆள் என்ன சொல்றார்னு பார்த்துச் சிரிக்கணும்.

அந்த விளையாட்டோட விதிகளைக் கவனிங்க. கிசுகிசுக்கணும். ஒரு தடவைதான் சொல்லணும். ஒருத்தருக்கு ஒருத்தர்தான். திரும்பிப் போய் "இப்படியா சொன்னே?"னு கேட்கக் கூடாது. மாறுவதற்காகவே வடிவமைச்ச விளையாட்டு அது.

வாய்மொழி மரபில் இந்த விதி ஒன்றுகூடக் கிடையாது. கூட்டமாகக் கூடுற இடத்தில், சத்தமாக, வாராவாரம், ஏற்கெனவே கேட்டவர்கள் முன்னால் சொல்லப்படுகிறது. தப்பா சொன்னா பக்கத்துல இருக்கிற பாட்டி திருத்துவாங்க. திரும்பிப் போய் மூல ஆளிடம் கேட்கவும் வழி இருந்தது. பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு ஒரு சாட்சி இருக்கு. தான் மனம் மாறி மூன்று வருஷம் கழித்து எருசலேமுக்குப் போய்ப் பேதுருவுடன் பதினைந்து நாள் தங்கினதாகவும், இயேசுவின் சகோதரர் யாக்கோபைப் பார்த்ததாகவும் எழுதுகிறார். அது கி.பி. 30-களில் நடந்திருக்க வேண்டும். அப்புறம் 50-களின் நடுவில் கொரிந்தியருக்கு எழுதும்போது, கடைசி இராவுணவைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் தான் "பெற்றுக்கொண்டதை" அவர்களுக்கு "ஒப்படைத்ததாக" குறிப்பிடுகிறார். யூத ஆசிரியர்கள் தங்கள் பாரம்பரியத்தைக் கைமாற்றுவதைப் பற்றிப் பேசும்போது புழங்கிய சொற்கள் இவை. முதல் நற்செய்தி எழுதப்படுவதற்குச் சுமார் பதினைந்து வருஷம் முன்னாடியே, "இதை இப்படித்தான் ஒப்படைக்கணும்" என்ற உணர்வு இருந்திருக்கு.

அப்போ டேப் ரெக்கார்டரா?

இப்ப அண்ணன் பக்கம் வருவோம். ஒரு எழுத்துகூட மாறலைன்னு சொன்னாரே, அதுக்கும் ஒரு அறிவார்ந்த வடிவம் உண்டு. 1961-ல் பிர்கர் கெர்ஹார்ட்சன் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஒரு கருத்தை வைத்தார். யூத ரபிகளின் மாணவர்கள் ஆசிரியரின் வார்த்தைகளை மனப்பாடம் செய்தார்கள், இயேசுவின் சீடர்களும் அப்படியே செய்திருக்கலாம் என்றார். ரபிகளின் அந்த மனப்பாட மரபு சாதாரணமானது அல்ல. மிஷ்னா என்ற பெரிய சட்டத் தொகுப்பு கி.பி. 200 வாக்கில் உருப்பெறுவதற்கு முன்னால் பல தலைமுறைகள் வாயிலும் நினைவிலும்தான் இருந்தது.

எதிர்த்தவர்கள் சொன்னது: அந்தக் கறாரான பயிற்சிமுறை, எருசலேம் ஆலயம் கி.பி. 70-ல் அழிந்த பிறகு வளர்ந்தது. அதை இயேசுவின் காலத்துக்குப் பின்னோக்கித் தள்ள முடியாது. இதைவிட எளிமையான ஓர் எதிர்வாதமும் இருக்கு. நாமே சோதித்துப் பார்க்கலாம். எல்லாம் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் என்றால், நற்செய்திகள் ஒன்றுக்கொன்று சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகணும். போகுதா?

கல்யாண வீட்டு ஜெபத்தையே எடுத்துப்போம்.

ஒரே ஜெபம், ரெண்டு வடிவம்

இந்த ஜெபம் மத்தேயு 6-ம் அதிகாரத்திலும் லூக்கா 11-ம் அதிகாரத்திலும் வருகிறது. மாற்கிலும் யோவானிலும் இல்லை. மத்தேயுவில் இது மலைப்பொழிவின் நடுவில் வரும். லூக்காவில் ஒரு சீடர் வந்து, யோவான் தன் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்தது மாதிரி எங்களுக்கும் கற்றுக்கொடுங்க என்று கேட்கிறார். சூழலே வேற.

வார்த்தைகளும் வேற. லூக்காவின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் ஜெபம் குட்டியாக இருக்கும். வானத்தில் இருக்கும் எங்கள் தந்தை என்ற நீண்ட விளி இல்லை, வெறும் "தந்தையே" மட்டும்தான். இறைவனின் விருப்பம் நிறைவேறட்டும் என்ற வேண்டுதல் இல்லை. தீமையிலிருந்து காக்கும்படி கேட்கும் கடைசி வேண்டுதலும் இல்லை.

வீட்டில் பழைய தமிழ் பைபிளும் புதிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் இருந்தால் லூக்கா 11-ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பழையதில் நீளமாக இருக்கும், புதியதில் சுருக்கமாக. காரணம், பிற்காலத்தில் லூக்காவைப் பிரதியெடுத்தவர்களுக்கு மத்தேயுவின் வடிவம்தான் தினமும் வாயில் இருந்தது. கை அதையே எழுதியது. அந்தப் பிற்காலப் படிகளின் வழியில் வந்தது பழைய மொழிபெயர்ப்பு. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

அடுத்தது, மன்னிப்பு பற்றிய வேண்டுதல். மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் இருப்பது "கடன்கள்". லூக்காவில் "பாவங்கள்". யார் மாத்தினது? இங்கதான் அரமேயம் உதவிக்கு வருது. அரமேயத்தில் "ஹோபா" என்ற ஒரே சொல்லுக்குக் கடன் என்றும் பாவம் என்றும் ரெண்டு அர்த்தம் உண்டு. ஒரு வடிவம் சொல்லின் மேற்பொருளைப் பிடித்துக்கொண்டது, இன்னொன்று உட்பொருளை. அதிலும் லூக்கா, வேண்டுதலின் இரண்டாம் பாதியில் நமக்குக் கடன்பட்டவர்களை மன்னிப்பதைப் பற்றித்தான் பேசுகிறார். பழைய சொல்லின் தடயம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கு. ரெண்டு கிரேக்க வடிவங்களுக்கும் பின்னால் ஓர் அரமேயப் பேச்சு இருப்பது இப்படித்தான் தெரியவருது.

அதுக்காக ரெண்டு பேரும் தனித்தனியாக அரமேயத்தைக் கேட்டு எழுதினாங்கன்னு முடிவுகட்டிடாதீங்க. உணவைப் பற்றிய வேண்டுதலில் "எபியூசியோஸ்" என்று ஒரு கிரேக்கச் சொல் வருகிறது. தமிழில் அதை "அன்றாட" என்று மொழிபெயர்க்கிறோம். வேறு எங்கும் கிடைக்காத அளவுக்கு அபூர்வமான சொல் அது. மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஒரிகன், கிரேக்கம் தாய்மொழி போலத் தெரிந்தவர், அறிஞர்களும் இதைப் பயன்படுத்துவதில்லை, சாதாரண மக்களும் பேசுவதில்லை, நற்செய்தி எழுதியவர்களே உருவாக்கியிருக்க வேண்டும் என்று நினைத்தார். அப்படிப்பட்ட ஒரு சொல் மத்தேயுவிலும் இருக்கு, லூக்காவிலும் இருக்கு. தற்செயலாக ரெண்டு பேர் ஒரே புதுச் சொல்லை உருவாக்க மாட்டாங்க. ஆக, ஜெபம் அவர்கள் கைக்கு வருவதற்கு முன்பே கிரேக்கத்தில் ஒரு நிலையான வடிவம் எடுத்திருக்கு.

சேர்த்துப் பாருங்க. தந்தை என்ற விளி, பெயர் புனிதமாகட்டும், ஆட்சி வரட்டும், உணவு, மன்னிப்பு, சோதனை: இந்த வரிசை ரெண்டிலும் ஒன்றுதான். எலும்புக்கூடு உறுதி. சதைதான் மாறுது. அதுவும் எந்த விஷயத்தில்? கிறிஸ்தவர்கள் மிக அதிகமாகத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு ஜெபத்தில்! அப்போ ஒரு தடவை நடந்த சம்பவங்களிலும் நீளமான உரையாடல்களிலும் இன்னும் அதிக நெகிழ்ச்சியை எதிர்பார்க்கத்தான் வேணும்.

நினைவு என்ன செய்யும்?

இந்த நெகிழ்ச்சி எப்படி வருது என்பதைப் புரிஞ்சுக்க ரெண்டு ஆய்வுகள் உதவும். ரெண்டும் பைபிளைப் பற்றியது இல்லை.

முதலாவது: அமெரிக்க ஆய்வாளர் மில்மன் பாரியும் அவருடைய உதவியாளர் ஆல்பர்ட் லார்டும் 1930-களில் யூகோஸ்லாவியாவுக்குப் போய், காப்பியங்களை வாய்மொழியாகப் பாடும் பாடகர்களைப் பதிவுசெய்தார்கள். நான் சொல்லுக்குச் சொல் அதையே பாடுவேன் என்று பாடகர் உறுதியாகச் சொல்வார். பதிவுகளை ஒப்பிட்டால் வரிகள் வேறுவேறாக இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. "அதேதான்" என்பதற்கு அவர் வைத்திருந்த அர்த்தம் வேறு. கதை அதே, கட்டமைப்பு அதே. வார்த்தைகள் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும். எழுத்தில் பழகிய நமக்குத்தான் "அதே" என்றால் காப்பி பேஸ்ட்.

ஆனால் காப்பியம் ஆயிரக்கணக்கான வரிகள். இயேசுவின் சொற்களில் பல, ஒரு வரி ரெண்டு வரிதான். அதிலும் ஊசியின் காதில் நுழையும் ஒட்டகம், கண்ணில் இருக்கும் மரக்கட்டை, கடுகு விதை என்று ஒரு தடவை கேட்டால் கண்ணை விட்டுப் போகாத படங்கள். பழமொழி மாதிரி. பழமொழியை நாம யாரும் உட்கார்ந்து மனப்பாடம் பண்றது இல்லை. ஆனா யாராவது தப்பா சொன்னா உடனே தெரிஞ்சிடும்.

இரண்டாவது: பிரிட்டிஷ் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட், 1932-ல் வெளியிட்ட ஆய்வு. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றை இங்கிலாந்தில் சிலரிடம் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து திரும்பச் சொல்லச் சொன்னார். அவர்களுக்குப் பழக்கமில்லாத விவரங்கள் பழக்கமானவையாக மாறின. கதையில் இருந்த குறுகிய துடுப்புப் படகு, சொல்லும்போது சாதாரணப் படகானது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. நினைவு ஒரு கிடங்கு இல்லை. ஒவ்வொரு முறையும் அது கதையைத் திரும்பக் கட்டும், பக்கத்தில் கிடைக்கிற செங்கல்லை வைத்து.

நற்செய்திகளில் இதற்கு அழகான ஓர் உதாரணம் இருக்கு. நடக்க முடியாத ஒருவரை நண்பர்கள் கூரை வழியாக இறக்கும் கதை. மாற்கில் அவர்கள் கூரையைத் தோண்டுகிறார்கள். பாலஸ்தீனத்தின் மண் கூரை அது, தோண்டத்தான் வேணும். லூக்காவில் ஓடுகளைப் பிரித்து இறக்குகிறார்கள். ஓட்டுக் கூரை பார்த்துப் பழகிய நகரத்து வாசகர்களுக்கான கூரை. லூக்கா மாற்கை எழுத்திலேயே வைத்திருந்தார் என்பது பெரும்பான்மைக் கருத்து, அதனால் இதை நினைவின் வேலை என்று சொல்ல முடியாது. ஆனா போக்கு அதேதான்: கேட்கிறவங்களுக்குப் புரியணும், அதுக்கு ஓடு மாறினா பரவாயில்லை. நண்பர்கள், கூரை, கூட்டம், மன்னிப்பு, எதுவும் மாறலை.

யார் கட்டுப்படுத்தினாங்க?

இதுல ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. சுருக்கமா சொல்றேன்.

1921-ல் ருடால்ஃப் புல்ட்மான் என்ற ஜெர்மானியர், இந்தக் கதைகள் பெயர் தெரியாத சமூகங்களில் அவர்கள் தேவைக்கேற்ப வளர்ந்தவை என்று வாதிட்டார். 2006-ல் ரிச்சர்ட் பாக்கம், நேரில் கண்ட சாட்சிகள் உயிரோடு இருந்த வரை அவர்கள்தான் காவலர்கள் என்று எதிர்வாதம் வைத்தார். பத்து வருஷம் கழித்து பார்ட் எர்மான், சாட்சிகளின் நினைவும் தடுமாறும் என்பதை உளவியலைக் கொண்டு காட்டினார்.

நடுவில் ஒருவர், கென்னத் பெய்லி. எகிப்து, லெபனான் கிராமங்களில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். 1991-ல் அவர் எழுதியது: அங்கே இரவுக் கூட்டங்களில் கவிதையையும் பழமொழியையும் ஒரு சொல்கூட மாற்ற விடமாட்டார்கள். உவமைகளிலும் ஊர் வரலாற்றிலும் கருவை மாற்றக் கூடாது, விவரங்களில் விளையாடலாம். ஜோக், சில்லறைச் செய்திகள் என்றால் கட்டுப்பாடே இல்லை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு கட்டுப்பாடு. ரொம்பக் கவர்ச்சியான கருத்து. ஆனா அவருடைய ஆதாரங்கள் பெரும்பாலும் சொந்த அனுபவக் கதைகள், முறையான பதிவுகள் இல்லை என்ற விமர்சனம் நியாயமானது. இருபதாம் நூற்றாண்டு கிராமத்தை முதல் நூற்றாண்டுக்கு நேரடியாகப் பொருத்தவும் முடியாது.

சமூகம் மரபைக் காப்பாற்றுமா, கெடுக்குமா? ரெண்டும் செய்யும். இதே ஜெபம் தமிழுக்கு வந்த கதையிலேயே அது தெரியும். பிரான்சிஸ் சேவியர் 1542-ல் கோவாவுக்கு வந்து, அங்கிருந்து முத்துக்குளித்துறை மீனவ ஊர்களுக்கு வந்தார். தமிழ் தெரியாது. ரெண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களையும் விசுவாச அறிக்கையையும் தமிழாக்கி, தானே மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருவில் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். படித்ததை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைத்ததாக 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் சொல்கிறார்.

அதே வருஷம் தன் உடன் ஊழியர் மன்சில்யாஸுக்கு அவர் எழுதிய இன்னொரு கடிதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. விசுவாச அறிக்கையில் "வேணும்" என்று சொல்லிக்கொடுக்காதீங்க, அதற்குப் பதில் "விசுவாசம்" என்று மாத்துங்க என்கிறார். நம்புகிறேன் என்று வர வேண்டிய இடத்தில் எனக்கு வேணும் என்று வந்துவிட்டதாம்! யோசிச்சுப் பாருங்க. அதுவரைக்கும் கடற்கரையில ஊர் ஊரா, மணியடிச்சுக் கூட்டி, அந்தத் தப்பைத்தான் எல்லாரும் உருப்போட்டிருக்காங்க. கூட்டமாகத் திரும்பச் சொல்வது சரியானதையும் காப்பாத்தும், தப்பானதையும் அதே உறுதியோட காப்பாத்தும். திருத்துறதுக்கு, கேட்கிற காதும் கேள்வி கேட்கிற ஆளும் வேணும்.

கடைசி வரிக்கு வருவோம்

இப்ப கல்யாண மண்டபத்துக்குத் திரும்புவோம். அந்த ராஜ்யம், வல்லமை, மகிமை எங்கிருந்து வந்தது?

நான்காம் நூற்றாண்டின் பெரிய கையெழுத்துப் படிகளான சினாய்ட்டிகஸ், வாட்டிகானுஸ் இரண்டிலும் மத்தேயுவில் அந்த வரி இல்லை. இலத்தீன் பைபிளான வுல்காத்தாவிலும் இல்லை. ஆனால் 1873-ல் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு பழைய நூல் கண்டெடுக்கப்பட்டது. டிடாக்கே என்று பெயர். முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட சர்ச் கையேடு. அதில் இந்த ஜெபம் இருக்கு, கடைசியில் ஒரு புகழுரையும் இருக்கு! ராஜ்யம் மட்டும் இல்லை, வல்லமையும் மகிமையும்தான். ஜெபத்தைத் தினம் மூன்று முறை சொல்லணும் என்ற அறிவுரையும் கூடவே.

புரியுதா? ஜெபத்தைப் புகழ்ச்சியோடு முடிப்பது யூத வழக்கம். சேர்ந்து சொல்கிற சபை அந்த வழக்கப்படி முடித்தது. காலப்போக்கில் பிரதியெடுத்தவர்களின் கை, வாய் சொல்வதையே மத்தேயுவிலும் எழுதியது. லூக்காவுக்கு நடந்த அதே விஷயம். எழுத்து வந்ததும் வாய்மொழி செத்துப்போகலை. எழுத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துக்கிட்டது.

1516-ல் எராஸ்மஸ் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாடு, அந்த வரி உள்ள பிற்காலப் படிகளை வைத்து உருவானது. சீர்திருத்த சபைகளின் பைபிள்கள் அந்த வழியில் வந்தன. கத்தோலிக்கர்கள் வுல்காத்தா வழியில் வந்தார்கள். இன்றைய திருப்பலியிலும் அந்தப் புகழுரை உண்டு. ஆனா ஜெபத்துக்கு அப்புறம் குருவானவர் ஒரு மன்றாட்டு சொல்வார், அதன் பிறகுதான் சபை அதைச் சொல்லும். அதனாலதான் மண்டபத்துல ஒரு பக்கம் நின்னுச்சு, இன்னொரு பக்கம் போய்க்கிட்டே இருந்துச்சு. மாப்பிள்ளை சிரிச்ச அந்த ரெண்டு விநாடியில, கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம் மாட்டிக்கிட்டிருந்தது.

அப்போ நம்பலாமா?

வாய்ஸ் நோட் அனுப்பினவங்களுக்கு என் பதில் இது. "நம்பலாமா" என்பதைக் கொஞ்சம் பிரிச்சுக்கோங்க.

இயேசு சரியாக எந்த வார்த்தையைச் சொன்னார் என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மொழியே வேற. இந்த இடத்தில் உங்க அண்ணன் கொஞ்சம் இறங்கி வரணும். அவர் எதைப் பேசினார், எப்படிப் பேசினார், எப்படிச் செத்தார் என்று கேட்டால், பல தனித்தனி மரபுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: இறையாட்சி, உவமைகள், கடவுளைத் தந்தை என்று அழைத்தது, பிலாத்துவின் கீழ் சிலுவை. இங்கே உங்க கசின் கொஞ்சம் இறங்கி வரணும். அற்புதங்கள் நடந்ததா, உயிர்த்தெழுந்தாரா என்பதற்கு வாய்மொழி மரபின் ஆய்வு பதில் சொல்லாது. மக்கள் அதை எவ்வளவு சீக்கிரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். அதற்கு மேல் போவது உங்க முடிவு. அதை ஒரு பாட்காஸ்ட் எடுக்கக் கூடாது.

அந்தக் கடைசி வரி "பொய்"யா என்று கேட்டிருந்தீங்க. மத்தேயு எழுதினதா என்றால், அநேகமாக இல்லை. பழையதா என்றால், மிகப் பழையது. ஜெபத்தைச் சொல்லிச் சொல்லிக் காப்பாத்தினவங்க விட்டுட்டுப் போன கைரேகை அது.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. உங்க வீட்டுல ஒரே சம்பவத்தைப் பார்த்த ரெண்டு பெரியவங்களைத் தனித்தனியா உட்கார வச்சுக் கேளுங்க. ஒரு கல்யாணம், ஒரு வெள்ளம், வீடு மாறின நாள், எதுவா இருந்தாலும் சரி. போன்ல பதிவு பண்ணி ஒப்பிட்டுப் பாருங்க. எது மாறுது, எது மாறவே இல்லைன்னு குறிச்சு எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதைப் பத்திப் பேசுவோம்.

அப்புறம், அந்த அக்காவுக்கும் மாமாவுக்கும் வாழ்த்துகள். ஆமென் எங்கே சொல்றதுன்னு வீட்டுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்திருப்பாங்கன்னு நம்புறேன்.